வேண்டாமென்ற பம்பர்

மாட்டு வண்டியிலிருந்து பம்பரை இறக்கும்போது கன்னியப்பனின் பிடி நழுவி ஒரு முனை தரையில் மோதியது. பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கண்மூடிக் கிடந்த தணிகாசலம் திடுக்கிட்டு விழித்தார். சந்திரம்மாள் ஈரக்கையோடு அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, இப்போதுதான் கண்ணசந்தார், பார்த்து இறக்கக் கூடாதா என்று கன்னியப்பனைக் கடிந்துகொண்டாள். கன்னியப்பனும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மூச்சிரைக்கத் தூக்கிவந்து, கட்டிலுக்கு எதிரே வேலியோரம் இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் நிறுத்தி வைத்தார்கள். கறுப்புப் பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. வண்டிக்காரரின் உள்ளங்கையில் மை போல ஒட்டியிருந்தது.

வல்லி அப்பாவின் தலைமாட்டில் விசிறியோடு நின்றிருந்தாள். எதிராஜவல்லி என்பது முழுப்பெயர். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தாயாரின் பெயர். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற நேரம் தவிர யாரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. அவள் பம்பரைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடு அம்மா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அம்மா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அப்பா வீட்டில் இருப்பார். அது வல்லிக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் வடக்குப்பட்டு சூளையிலிருந்து செங்கல் ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போகும்போது, இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு மதகுப் பாலத்துக்கு முன்னால், தணிகாசலத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. லாரி தானாகவே ரோட்டை விட்டு இறங்கி மதகுச் சுவரில் முட்டி நின்றது. பக்கத்தில் கிளீனராக உட்கார்ந்திருந்த மகன் பலராமனுக்கு நெற்றி கண்ணாடியில் மோதித் தையல் போட்டார்கள். லாரிக்குப் பம்பரைத் தவிர ஒரு சேதமும் இல்லை. பம்பர் மட்டும் நனைந்த அட்டை போல மடிந்து போயிருந்தது. தணிகாசலத்தின் உடம்பிலும் வெளியே ஒரு கீறல் கிடையாது. ஆனால் காஞ்சிபுரத்து டாக்டர் அவர் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இந்த நெஞ்சு இனிமேல் ஸ்டீயரிங் திருப்பாது, கிணற்றடிவரை நடந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே தணிகாசலம் டாக்டரை மறந்துவிட்டார். பம்பர் ஒன்று போட்டுவிட்டால் கிளம்பிவிடலாம் என்றார். அவரைப் போகாதே என்று சொல்லி நிறுத்தியவர் யாரும் கிடையாது. நிலத்தை விற்று லாரி வாங்காதே என்று அவருடைய அப்பாவே சொல்லித் தோற்றுப் போனவர். சந்திரம்மாள் அந்த வழிக்குப் போகவில்லை.

"போங்க. ஆரு வேணாம்னா?" என்றாள். "பம்பர மட்டும் நான் பாத்து எடுக்கறேன்."

லாரியில் ஏறிக்கூட உட்கார்ந்து பழக்கமில்லாத பெண் பம்பர் பார்க்கப் போகிறாள் என்று ஊரே சிரித்தது. ஒரகடம் கூட்ரோட்டில் பட்டறை வைத்திருந்த கன்னியப்பன் முதலில் தகட்டுப் பம்பர் ஒன்றைக் காட்டினான். கம்பெனியில் வருகிற மாதிரியே வளைத்து அடித்தது. அவள் விரலால் சுண்டிப் பார்த்து, இது பிஸ்கட் டப்பா என்றாள். அடுத்தது ரயில் தண்டவாளம் மாதிரி கனமான சேனல் இரும்பு. இவ்வளவு கனம் முன்னால் தொங்கினால் வண்டியின் வில்பட்டை உட்கார்ந்துவிடும், அவர் எப்படித் திருப்புவார் என்றாள். மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து மிலிட்டரி லாரிப் பம்பர் ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. மாரியம்மன் கோயில் முனையில் திரும்பும்போது சுவரில் இழுக்கும் என்று அதையும் அனுப்பிவிட்டாள். இன்னொன்று தாழ்வாக இருந்தது, ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது தரையில் தட்டும். இன்னொன்றின் முனைகள் மடங்காமல் கத்தி மாதிரி நின்றன, ஒதுங்கிப் போகிற மாட்டின் காலைக் கிழிக்கும்.

முதலில் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். போகப்போக அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் கன்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

"பொண்ணு பாக்கக்கூட இத்தினி வூடு ஏறி எறங்க மாட்டாங்கக்கா," என்று ஒருநாள் சொல்லிவிட்டான். "உனுக்கு மருமவ வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு கெழவி ஆயிடும்."

தணிகாசலம் கட்டிலில் இருந்தபடி அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பகலில் வீட்டில் சிரித்து வல்லி அப்போதுதான் கேட்டாள். அதற்கு முன்னால் அப்பா என்பவர் விடிவதற்குள் புறப்படுகிற சத்தம், இருட்டியபின் கொடியில் தொங்குகிற காக்கிச் சட்டை. இந்தக் கோடையில்தான் அவருக்கு வேப்பம்பூ ரசம் பிடிக்கும் என்று தெரிந்தது. அவருக்குக் கோலம் போட வரும் என்றும் தெரிந்தது. அம்மா போட்ட கோலத்தில் ஒரு புள்ளி தப்பு என்று கட்டிலில் இருந்தே சொல்லி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் போன வாரம் அவர் பலராமனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். லாரி அங்கேதான் நின்றது. பம்பர் இல்லாததால் அடிச்சட்டத்தின் இரண்டு இரும்புக் கொம்புகளும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை சந்திரம்மாள் தானாகவே பஸ் ஏறிக் கூட்ரோட்டுக்குப் போனாள். இவ்வளவு உயரம், இவ்வளவு கனம், முனை இப்படி மடங்க வேண்டும் என்று கையால் காட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். அப்படி வந்ததுதான் இந்தப் பம்பர்.

இப்போது அவள் அதன் எதிரே குந்தி உட்கார்ந்தாள். முனைகளைத் தடவினாள். அடியில் கைவிட்டுப் பார்த்தாள். எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது இர்க்கட்டும்," என்றாள்.

வல்லியின் விசிறி நின்றுவிட்டது.

கன்னியப்பன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். தணிகாசலம் தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். வல்லியும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போய்ப் பம்பருக்கு எதிரே நிறுத்தினார்கள். அவர் உள்ளங்கையை அதன்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினார். பிறகு நடுவில் இருந்த ஓட்டைக்கு எதிரே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். காலையில் பேட்டரி முரண்டு பிடிக்கும்போது அந்த ஓட்டை வழியாகத்தான் ஹேண்டிலை விட்டுச் சுற்றி லாரியை எழுப்புவார்கள். ஓட்டை நேராக இல்லாவிட்டால் ஹேண்டில் எகிறி மணிக்கட்டை ஒடித்துவிடும்.

"வேணாம் கன்னியப்பா," என்றார். "ஓட்ட கோணலா கீது."

கன்னியப்பன் பதறிப் போனான். லாரியில் வைத்தே அளவெடுத்தது, அது எப்படிக் கோணும் என்று கேட்டான். கோணல்தான் என்றார் தணிகாசலம். சந்திரம்மாள் இத்தனை நாள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதில் அந்த ஓட்டை மட்டும் விட்டுப்போயிருந்தது போல, ஒரு நிமிஷம் அதையே வெறித்தாள். அவரு வேணாம்னா வேணாம் என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைப் பார்க்க உள்ளே போனாள். வண்டிக்காரருக்கு வேறு சவாரி இருந்தது. பம்பரை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

அப்பாவைத் திரும்பப் படுக்க வைத்து வல்லி விசிற ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் கை வேகமாக ஆடியது.

"ஓட்ட நேராத்தான்டி கீது," என்றார் தணிகாசலம், கண்ணைத் திறக்காமல்.

வல்லிக்குப் புரியவில்லை. "அப்ப ஏன் நைனா வேணாம்னே?"

"மாட்டிட்டா போவணும்ல?" வயிறு மட்டும் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். "ஒங்கம்மா ஒண்ணொண்ணா தள்ளிக்கினே வந்தா. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறா. இன்னிக்கி எனுக்காவ எறங்கி வந்துட்டா பாரு, பாவம். அதான் நான் தள்ளினேன்."

வல்லி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவகிட்ட சொல்லாத," என்றார். "வெக்கப்படுவா."

கஞ்சி வந்தது. நாலு வாய் குடித்தார். போதும் என்றவர், சந்திரம்மாள் எழுந்து போகப் பார்த்தபோது, உட்காரு என்றார். தெருவில் ஆள் போகிற நேரத்தில் புருஷன் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பூவரசம் பூ ஒன்று அவர் மார்பின்மேல் விழுந்தது. வல்லி அதை எடுத்துப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டே இருந்தாள். ஆடு ஒன்று வந்து பம்பரை முகர்ந்துவிட்டுப் போனது. வெயில் கட்டில் காலைத் தொட்டது. அம்மா கட்டிலை நகர்த்தச் சொல்வாள் என்று வல்லி பார்த்தாள். சொல்லவில்லை.

"வல்லி," என்றாள் அம்மா, கொஞ்ச நேரம் கழித்து. "விசிறினது போதும்மா."

அப்போதும் வல்லிக்குப் புரியவில்லை. அம்மா தன் முந்தானையை அந்தக் கையிலிருந்து இழுக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

பிற்பகலுக்குள் வாசல் நிறைந்துவிட்டது. குன்றத்தூரிலிருந்து வந்த தாயாரம்மாள், தணிகாசலத்தின் அக்கா, வாடகைக் காரிலிருந்து இறங்கும்போதே தலையை விரித்துக்கொண்டு இறங்கினாள். தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவள், அழுகைக்கு நடுவே நிமிர்ந்து வேலியோரம் நின்ற பம்பரைப் பார்த்தாள். அவளுக்குக் கதையெல்லாம் தெரியும். குன்றத்தூர்வரை எட்டிய சிரிப்புதான் அது.

"லாரிய கட்டிப்போட்டு என் தம்பியக் கொன்னுட்டியேடி," என்று சந்திரம்மாளைப் பார்த்து ராகம் போட்டாள். "ரோட்டுல சிங்கமா திரிஞ்சவன, அது நொள்ள இது சொத்தன்னு சொல்லி மாட்ட கட்டற மாதிரி மரத்துல கட்டிட்டியே. ஏங்கிப் பூட்டானே."

பெண்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். ஆனால் சொன்னது சொன்னதுதான். சந்திரம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் நெற்றியில் வந்து உட்காரும் ஈயை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் அதை நம்புகிறாள் என்பது வல்லிக்கு அவள் தோளைப் பார்த்தே தெரிந்தது. ஏங்கித்தான் செத்தார் என்று நம்புகிறாள். தான் கடைசியாக இறங்கி வந்தும் அதுவும் கோணலாகப் போய்விட்டது என்று நம்புகிறாள்.

வாயில் வந்ததை வல்லி விழுங்கினாள். சொல்லாதே என்றாரே.

வெயில் தாழ ஆரம்பித்தபோது லாரிக்காரர்கள் வந்தார்கள். சாலையோரம் வரிசையாக வண்டிகளை நிறுத்திவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் சின்னப்பராஜ். தணிகாசலத்தோடு ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கியவர். மாலையைப் போட்டு, நெற்றியில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு பலராமனைத் தனியாகக் கூப்பிட்டார்.

அந்த ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. சொந்த லாரிக்காரன் செத்தால் ஊர் எல்லைவரை அவனை அவன் லாரியிலேயே கொண்டுபோவார்கள். பம்பருக்கு மாலை கட்டி, மகன் ஓட்ட வேண்டும். கொள்ளிச்சட்டியை அதுவரை பங்காளி ஒருவர் எடுத்து வருவார். எல்லையில் இறக்கியபின்தான் பாடையும் தோளும். அன்றைக்கு ஓட்டுகிற மகன்தான் மறுநாளிலிருந்து அந்த லாரிக்கு டிரைவர். அதற்கப்புறம் ஒருவரும் அவனைப் பையன் என்று கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் பம்பர் இல்லாத லாரியில் பிணம் ஏற்ற மாட்டார்கள். மாலை எங்கே கட்டுவது என்பது மட்டுமில்லை. அது வண்டியை மொட்டையடித்து அனுப்புகிற மாதிரி.

பலராமன் வேலியோரம் நின்ற பம்பரைக் காட்டினான். அதற்குள் கூட்ரோட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்த கன்னியப்பன், போல்ட்டெல்லாம் கையோடு கொண்டுவந்திருப்பதாகவும் அரை மணியில் பூட்டிவிடலாம் என்றும் சொன்னான். காலையில் நடந்தது சின்னப்பராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"ஓட்ட கோணல்னு சொன்னானா, இல்லியா?"

"சொன்னாருதான். ஆனா கோணல் இல்ல," என்றான் கன்னியப்பன்.

"அவன் வண்டிக்கு அவன் கடசியா சொன்னது அது. அவன் வேணாம்னத மாட்டி, அதுல அவனையே ஏத்தினு போறதா? செத்தவன்கூட சண்ட போடற மாதிரி கீது. என் வண்டியில ஏத்தலாம். நான் ஓட்டறேன்."

மற்ற டிரைவர்களும் அதுதான் சரி என்றார்கள். பலராமன் முகம் செத்துப் போயிற்று. நெற்றித் தழும்பு மட்டும் சிவந்து தெரிந்தது. என் தம்பிக்குச் சொந்த லாரியில் போகிற கொடுப்பினைகூட இல்லையா என்று தாயாரம்மாள் மறுபடி ஆரம்பித்தாள். சந்திரம்மாள் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வல்லி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு நடுங்கியது. இத்தனை பேரில் அந்த ஓட்டை நேரானது என்று அப்பா வாயால் கேட்டவள் அவள் ஒருத்திதான். சொன்னால் அம்மாவின் தோள் நிமிரும். சொன்னால் பம்பரும் ஏறும். பம்பர் ஏறினால் அண்ணன் ஓட்டுவான், நாளைக்கும் ஓட்டுவான், அதற்கு மறுநாளும். இருங்காட்டுக்கோட்டை மதகு அங்கேயேதான் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் சின்னப்பராஜ் மாமா வண்டி வரும். அண்ணன் பின்னால் நடந்து போவான். லாரி ஏரிக்கரையிலேயே துருப்பிடிக்கும். அதற்கு அவள் பொய்கூடச் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அப்பாவே சொல்லாதே என்றுதானே சொன்னார்?

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று அண்ணன் அவளுக்கு மட்டும் சொன்னான். லாரி தானாகப் போகும்போது சத்தமே கேட்கவில்லையாம். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தானாம். அதைக் கேட்டதிலிருந்து அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் வாசற்படியில் போய் நிற்பாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

முகம் கழுவ வேண்டும் என்று சந்திரம்மாள் எழுந்தாள். யாரோ கூட வரப் பார்த்தார்கள். வல்லி முந்திக்கொண்டு செம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் சூடேறிக் கிடந்தது. அம்மா குனிந்து கையை நீட்டினாள். வல்லி ஊற்றினாள். ஊற்றியது எல்லாம் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று. அம்மா முகத்துக்குக் கொண்டுபோகவே இல்லை.

"ஆசயாத்தான் செஞ்சி எடுத்தாந்தேன்," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "அந்த ஓட்டைய நான் பாக்கல பாரு."

வல்லி செம்பைக் கீழே வைத்தாள்.

"ஓட்ட நேராத்தாம்மா கீது. நைனாதான் சொன்னாரு."

சந்திரம்மாள் நிமிர்ந்தாள். வல்லிக்கு வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. காலையில் அவர் சொன்னதையெல்லாம் சொன்னாள். நீ தள்ளிக்கொண்டே வந்தது தெரியும் என்றார், நீ இறங்கி வந்ததால் நான் தள்ளினேன் என்றார், உன்னிடம் சொல்லாதே என்றார். சொல்லச் சொல்ல, தான் இப்போது அண்ணனைத் தூக்கி லாரியில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

முன்பக்கம் பறையடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். தோலைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்துகிற வாசனை வந்தது.

"சொல்றப்ப சிரிச்சாரா?" என்றாள் அம்மா.

"சிரிச்சாரு. வயிறு குலுங்க."

சந்திரம்மாளின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவள் தானே செம்பை எடுத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். ஒரு முறை, இன்னொரு முறை, மூச்சு வாங்க. முந்தானையால் துடைக்கப் போனவள், அதன் நுனி சுருங்கியிருப்பதைப் பார்த்து, வேறு பக்கத்தால் துடைத்துக்கொண்டாள்.

"அதான் இத்தினி நேரம் தனியா வெச்சிக்கினு நடுங்கினு இருந்தியா?" என்றாள். "பலராமன நெனச்சி பயமா கீதா?"

வல்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனுக்குக் கல்யாணம் கட்டின நாளா கீது," என்றாள் அம்மா. "வா."

அவள் நேராக வேலியோரம் போனாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கன்னியப்பனைக் கூப்பிட்டு, லாரிக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார், ஹேண்டில் நேராகப் போகிறதா என்று சின்னப்பராஜ் அண்ணனே பார்க்கட்டும் என்றாள். சின்னப்பராஜ் தயங்கினார்.

"தங்கச்சி, அவன் வேணாம்னு..."

"அவரு பம்பர வேணாம்னு சொல்லலண்ணா," என்றாள் சந்திரம்மாள்.

சின்னப்பராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணம் ஆன புதிதில் தணிகாசலத்தோடு இந்த வீட்டில் சோறு சாப்பிட்டவர் அவர். மேற்கொண்டு கேட்காமல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பம்பரின் ஒரு முனைக்குப் போய்க் குனிந்தார். நாலு டிரைவர்கள் மற்ற இடங்களைப் பிடித்தார்கள். பெயிண்ட் அவர்கள் தோளிலெல்லாம் ஒட்டியது. தாயாரம்மாள் மட்டும், இத இத்தினி நாளு முன்னாடி செஞ்சிருந்தா என்று முணுமுணுத்தாள். சந்திரம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமில்லை. தன்னிடம் இருக்கிற ஒன்று இவளிடம் இல்லை என்று தெரிந்தவள் பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு தன் முந்தானையால் நாத்தனாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள். தாயாரம்மாள் அப்படியே அவள் தோளில் சரிந்து அழுதாள்.

ஏரிக்கரையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. அடிச்சட்டத்தில் மிச்சமிருந்த பழைய போல்ட் ஒன்று துருவில் இறுகி அடம்பிடித்ததாகவும், மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டிக்கொண்டிருப்பதாகவும் யாரோ வந்து சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் கன்னியப்பன் ஓடிவந்தான். ஹேண்டில் வெண்ணெயில் விட்ட மாதிரி போயிற்று என்றான். முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டதாம்.

"நான்தான் காலையிலியே சொன்னனேக்கா. அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியல போல கீது."

"ஆமாம்," என்றாள் சந்திரம்மாள். "தெரியலதான்."

லாரி தெருமுனையில் பின்பக்கமாக வந்து நின்றது. பம்பரின் நடுவில் சாமந்தி மாலை கட்டியிருந்தார்கள். பலராமன் இறங்கி வந்தான். அப்பாவின் காக்கிச் சட்டை தோளில் இறங்கித் தொங்கியது. யார் போடச் சொன்னார்களோ தெரியவில்லை. குளிப்பாட்டி, கட்டி, கடைசியாக வாய்க்கரிசி போட்டு, தணிகாசலத்தை ஏற்றினார்கள். செங்கல் தூசி படிந்த பலகையின்மேல் வைக்கோல் பரப்பியிருந்தது.

பலராமன் அம்மாவின் எதிரே வந்து நின்றான். அவள் அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏரிக்கரை சரிவுல எறங்கறப்ப பயப்படாத," என்றாள். "இடிக்காது. ஒசரம் பாத்துதான் செய்யச் சொன்னேன். கோயில் மொனையிலயும் தாராளமா திரும்பும்."

"சரிம்மா."

"ரெண்டு பக்கமும் பாத்து ஓட்டு."

அவன் ஏறி உட்கார்ந்தான். சின்னப்பராஜ் பக்கத்தில், கிளீனர் இடத்தில், ஏறிக்கொண்டார். பறை முன்னால் நகர்ந்தது. மற்ற லாரிகள் ஒவ்வொன்றாக இஞ்சினைக் கிளப்பிப் பின்னால் வரிசை சேர்ந்தன. ஹாரன் அடிக்கவில்லை. பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் அங்கேயே நின்று மாரடித்து அழுதுவிட்டு, வீடு கழுவத் தண்ணீர் எடுக்க ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

சந்திரம்மாள் திரும்பவில்லை. லாரி கோயில் முனையில் திரும்பி மறைந்தது. சுவரில் உரசவில்லை. இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை, சத்தம் மட்டும்தான். அவள் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாள். சரிவில் இறங்கும்போது கியர் சரியாக விழாமல் கறகறவென்று பல்லைக் கடித்தது. அவள் கை வல்லியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இறுக்கியது. வளையல் அழுந்தி வலித்தது. வல்லி அசையவில்லை. இன்னொரு முறை கடித்தது. பிறகு விழுந்தது. இஞ்சின் முனகிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தது.

பின்னாலிருந்து தாயாரம்மாள், வா சந்திரா, வூடு கழுவணும் என்று கூப்பிட்டாள்.

சந்திரம்மாள் திரும்பாமல் இன்னொரு கையை மட்டும் உயர்த்தினாள், கொஞ்சம் இரு என்பது போல. லாரி மேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறி, சத்தம் ஒரே சீராகத் தேய்ந்து போகும்வரை அந்தக் கை இறங்கவில்லை.